அண்ணனின் இரண்டு மேடைப் பேச்சுகள்

என் அண்ணன் ஒரு கட்சியின் பேச்சாளர். ஐயம்பேட்டையில் நிலம் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஏரைவிட மைக்தான் கைக்கு வாகு. நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அவர் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார்.

“பாப்பா, கவர்மெண்ட்டு கடன் மேல கடன் வாங்கிக்கினு இருக்குது. வட்டியைக் கொறைன்னு மத்திய வங்கியோட கழுத்தைப் புடிக்குது. மேடையில கிழிக்கணும், பாயிண்ட் குடு.”

நாட்டிலேயே பெரிய கடனாளி அரசாங்கம்தான் என்றேன். வட்டியும் அதன் கையிலேயே இருந்தால் தேர்தலுக்குத் தேர்தல் இறக்கிவிடும், பின்னாலேயே விலைவாசி ஏறும், அதனால்தான் வங்கி கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்று சொன்னேன். அன்று மாலை சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணன் முழங்கினார்: “கடன் வாங்குறவனே வட்டியை முடிவு பண்ணா நாடு உருப்படுமா?” நல்ல கைதட்டல்.

பிறகு கூட்டணி மாறியது. அண்ணனின் கட்சி ஆளும் பக்கம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் மறுபடி என் வீட்டுக்கு வந்தார்.

“பாப்பா, அந்த வங்கியில உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு யாரு ஓட்டு போட்டா? ஜனங்க தேர்ந்தெடுத்த அரசாங்கம் சொன்னா கேக்க வேணாமா?”

“அண்ணா, போன வாட்டி நீ வேற மாதிரி இல்ல பேசின?”

“அது போன வாட்டி.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொன்னேன். சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அரசு கடன் வாங்குவது குற்றமில்லை. வட்டி ஏறினால் பட்டுக்கடைக்காரர் முதல் வீட்டுக்கடன் கட்டுபவர் வரை அடிபடுகிறார்கள். அவர்கள் போய்க் கேள்வி கேட்க வங்கிக்குத் தொகுதி கிடையாது.

அண்ணன் முகம் மாறியது. “இதுலயும் நாயம் இருக்குதா? சும்மா சமாளிக்க ஒரு பாயிண்ட் கேக்கத்தானே வந்தேன். அப்ப எதுதான் சரி?”

“நடுவுல எங்கியோ இருக்குது.”

“நடுவுல நின்னா எவனும் கை தட்ட மாட்டான்மா.”

அன்று மாலைக் கூட்டத்துக்கு நானும் போனேன். அதே இடம், அதே மேடை. அரசாங்கம் சொல்வதை வங்கி கேட்கவேண்டும் என்று அண்ணன் பாதி பேசியிருப்பார், ஒரு பட்டுக்கடைக்காரர் எழுந்தார். “அண்ணே, போன வாட்டி இங்கியே நின்னுக்கினு வங்கி தனியா இருக்கணும்னு சொன்னீங்களே?”

கூட்டம் சிரித்தது. அண்ணனின் கண் என்னைத் தேடிப் பிடித்தது. “என் தங்கச்சி காலேஜுல இதைத்தான் நடத்துது. அதுவே சொல்லும்!”

மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்: “விலைவாசி இதுக்கு மேல போகக் கூடாதுன்னு அரசாங்கம் எல்லை போடலாம். அதுக்கு வட்டியை ஏத்தறதா எறக்கறதான்னு வங்கி முடிவு பண்ணணும். எல்லை தாண்டிப் போச்சுன்னா, ஏன்னு வங்கி அரசாங்கத்துக்குப் பதில் சொல்லணும். எங்க அண்ணன் அன்னிக்கிப் பேசினதும் பாதி சரி, இன்னிக்கிப் பேசறதும் பாதி சரி.”

“அப்ப ரெண்டு கூட்டத்தையும் சேத்து ஒண்ணா போட்டிருக்கலாமேம்மா!” என்றார் கடைக்காரர்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அண்ணன்தான். ஆனால் கட்சி மேலிடம் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு அவர் பெயரைப் பேச்சாளர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு வருத்தம்தான், இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மூன்றாவது வாரம் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கூட்டமும் இல்லை, மேடையும் இல்லை.

“பாப்பா, மத்திய வங்கிக்கு வர்ற லாபம் அரசாங்கத்துக்குத்தான் போகுதாமே. அப்ப அது எப்பிடி தனி ஆளாவும்?”

தட்டை எடுத்து வைத்து, “உக்காருண்ணா, சாப்ட்டுக்கினே சண்டை போடலாம்” என்றேன்.