மலையை மறைக்கும் போர்வை

"மூச்ச விடாதீங்க மாஸ்டர்ஜி, பூ ஆடுது" என்கிறார் தில்லே ராம். காமிராவோடு ஈரத்தில் குப்புறக் கிடக்கிறார். தாடை சேற்றில் பதிந்திருக்கிறது. பூவை ஆட்டியது நானில்லை, காற்று. அதைச் சொன்னால், "அப்ப காத்துக்கிட்ட சொல்லுங்க" என்பார்.

அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. பஞ்சார் என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களுக்கு லைன்மேன். "ஆறு நாள் கம்பத்துல, ஏழாம் நாள் சேத்துல. வீட்டுல எப்ப இருப்பாருன்னு கேளுங்க" என்று அவர் மனைவி பிம்லா என்னிடம் முறையிடுவார். பனி உருகத் தொடங்கிய முதல் ஞாயிறிலிருந்து மழை வரும்வரை அவர் மலையில்தான். காமிரா பழையது, லென்ஸைச் சுற்றிக் கறுப்பு டேப், அதுவும் மின்கம்பிக்குச் சுற்றுகிற டேப். ஊரில் ஆண்கள் தொப்பியில் பூச்செருகாமல் கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள். இவர் தொப்பி மட்டும் மொட்டையாக இருக்கும். படமெடுக்கும் பூவில் தேனீ வந்து உட்கார்ந்துவிட்டால் கையால் ஓட்டமாட்டார். அது சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கிடப்பார்.

பத்தொன்பது வருடமாக இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். ஞாயிறுகளில் என் உத்தியோகம் வேறு. பூவுக்குப் பின்னால் பழுப்புக் கம்பளிப் போர்வையைத் தூக்கிப் பிடிப்பது. அழகுக்காக அல்ல. இங்கே பிறந்தவர்களுக்கு மலைமுகடுதான் முகவரி. எந்தப் பள்ளத்தில் பனி எந்த வடிவில் கிடக்கிறது என்று பார்த்தே, படமெடுத்தவன் எங்கே நின்றான் என்பதைச் சொல்லிவிடுவார்கள். அவர் மலையை மறைப்பது நாக்சத்ரி என்ற செடிக்காக. மூன்றே இலை, நடுவில் ஒல்லியான இதழ்களோடு கருஞ்சிவப்பாக ஒரு பூ. வேர் மருந்துக்குப் போகிறது என்பதால், இடம் தெரிந்த மறுநாளே தோண்டி எடுத்துவிடுகிறார்கள்.

அது வளர்கிற சாமி காட்டில் தோண்டக்கூடாது என்பது ஊர்க்கட்டு. மீறினால் சாமி பல்லக்கின் முன் கூடும் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் கீழூர் பூரண் வேர்மூட்டையோடு போனதை இவர் தூரத்திலிருந்து படமெடுத்துக் கூட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினார். முகடு படத்தில் இல்லை, மரமும் மூட்டையும்தான் தெரிந்தன. "அது சாமி காடா? எங்க அக்கா ஊர்க் காடு" என்றான் பூரண். கூட்டம் கலைந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்த மனிதர் போன வருடம் ஒரு தப்பு செய்தார். போர்வையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஒரே ஒரு படம். முன்னால் நாக்சத்ரி, பின்னால் முகட்டில் அரிவாள்போல் வளைந்த பனி. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். கோயில் கமிட்டி காலண்டருக்குக் கேட்டபோது, ஆசை கண்ணை மறைக்க, கொடுத்துவிட்டார். இந்த வருடம் ஏப்ரல் மாதம் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் அது தொங்கியது. இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று, தாளைத் திருப்பிய அன்றுதான் அவருக்கே உறைத்தது.

போன ஞாயிறு அந்த இடத்துக்குத்தான் ஏறினோம். வழியில் புராஸ் மரங்கள் சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தன. அவர் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிம்லா கட்டிக்கொடுத்த சித்து ரொட்டியையும் தொடவில்லை. கடைசி ஏற்றத்தில் நின்றார். மேலே இரும்பு கல்லில் படுகிற சத்தம். திரும்பிவிடலாம் என்றேன். காதில் வாங்காமல் ஏறினார்.

பூரணும் அவன் மச்சான் தாபேயும் களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிச் சரிவு உழுது போட்டதுபோல் கிடந்தது. மூட்டை வாய் திறந்திருந்தது, உள்ளே வேர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு செடிகள் மிச்சம்.

"வாங்க சித்தப்பா" என்றான் பூரண், எழுந்திருக்காமல். "உங்க காலண்டர் பாத்துதான் வந்தோம். நல்லா வழி காட்டுறீங்க."

தில்லே ராமின் கழுத்து நரம்பு புடைத்தது. தாபே கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அடிப்பாரோ, அடி வாங்குவாரோ என்று நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவரோ பையைத் திறந்து காமிராவை எடுத்தார்.

"ஒரு படம் எடுக்கட்டுமா? மூட்டையோட நில்லுங்க."

பூரண் விழுந்து விழுந்து சிரித்தான். "எடுங்க. இத கூட்டத்துல காட்டப் போறீங்களா? அப்பவும் இது எங்க அக்கா ஊரு காடுதான். டேய் தாபே, எழுந்திரு. மாஸ்டர்ஜி, நீங்க போர்வையப் பிடிங்க. சித்தப்பா படத்துல மலை தெரியக்கூடாதுல்ல!"

மூட்டையைத் தோளில் போட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். பத்தொன்பது வருடப் பழக்கம். என் கை தானாகப் போர்வையை உயர்த்தியது. அவர்கள் தலைக்குப் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தில்லே ராம் கண்ணைக் காமிராவிலிருந்து எடுத்தார். நடந்து வந்து என் கையிலிருந்து போர்வையை வாங்கினார். மிச்சமிருந்த செடிகளின் மேல், ஒரு இலையும் மடங்காமல், அதை மெல்ல விரித்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், இம்முறை குப்புறப் படுக்காமல், நிமிர்ந்து நின்று, அவர்கள் தலைக்கு மேலே அரிவாள் பனி முழுதும் தெரியப் பொத்தானை அமுக்கினார்.