சூடை சம்பியனான விதம்

முள்ளிவாய்க்காலில் வலை இழுத்த யாகப்புவுக்கு வவுனியாவில் இழுக்க ஒன்றும் இருக்கவில்லை. தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வந்தவருக்கு மிருக வைத்தியர் யோகநாதனிடம் நாய் குளிப்பாட்டுகிற வேலைதான் கிடைத்தது. "தண்ணியோடை சம்பந்தப்பட்ட தொழில்தானே" என்று மனைவி யூலிற்றாவுக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த வருடம், தன் நாட்டுக்குத் திரும்பிய தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரர் ஒருவர் தன் அல்சேஷன் குட்டியை யாகப்புவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு கடதாசி. அதில் குட்டியின் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாருடைய பெயரும் முத்திரை குத்தி இருந்தது. யாகப்புவின் பிறப்புச் சான்றிதழோ இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அவர் பிறந்தவர் என்பதற்கு யூலிற்றாவின் புறுபுறுப்பைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

குட்டியின் பதிவுப் பெயர் லோட் றெஜினோல்ட் ஒஃப் சில்வர்பறோ. யாகப்பு அதைச் சூடை என்று மீன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது உடனே திரும்பிப் பார்த்தது.

சூடைக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் படுப்பது. ஊரில் அவர் வளர்த்த நாய் கறுப்பன், ஹெலிகொப்டரைப் பார்த்து நின்று குரைத்து, நின்ற இடத்திலேயே போய்ச் சேர்ந்தது. ஆகவே ஹெலிச் சத்தம் கேட்டால் யாகப்பு முற்றத்தில் குப்புற விழுவார். பக்கத்தில் சூடையும் விழும்.

"இஞ்சேருங்கோ, வவுனியாவிலை ஹெலி சுடாதப்பா. சனம் சிரிக்குது" என்றாள் யூலிற்றா.

"ஹெலிக்கு அது தெரியுமோ?"

நாய் வளர்ந்தது. ஒருநாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த யோகநாதன் சொன்னார்: "யாகப்பண்ணை, இவனை டோக் ஷோவுக்குக் கொண்டுபோவம்."

"நாயள் ஒண்டையொண்டு கடிச்சுப் போட்டி போடுறதோ டொக்டர்?"

"சீச்சீ. அல்சேஷன் எண்டால் காது இப்பிடி, முதுகு இப்பிடி, நடை இப்பிடி எண்டு புத்தகத்திலை எழுதி வைச்சிருக்கிறாங்கள். அந்த எழுத்துக்கு ஆர் கிட்ட நிக்கிறானோ அவனுக்குச் சான்றிதழ். மூண்டு வேறை வேறை ஜட்ஜ்மாரிட்டை மூண்டு எடுத்தால் சம்பியன். பெயருக்கு முன்னாலை பட்டம். வருசப் புத்தகத்திலை அச்சடிப்பாங்கள். உரிமையாளர், எஸ். யாகப்பு, வவுனியா எண்டு."

யாகப்புவின் கையிலிருந்த சவர்க்காரம் நழுவி வாளிக்குள் விழுந்தது. நிவாரண அட்டை, பாஸ், பதிவு எல்லாவற்றிலும் அவர் 'இடம்பெயர்ந்தவர்', அதன் கீழே ஒரு இலக்கம். உலகத்தில் ஏதோ ஒன்றுக்கு அவர் உரிமையாளர் என்று அச்சில் வரப்போகிறது! அன்றைக்குப் பிடித்த ஆசைதான்.

இடம்பெயர்ந்தவர் வவுனியாவை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸ் எழுதுகிறவர் பேனையை உயர்த்தினார்.

"பயணத்தின்ரை நோக்கம்?"

"நாய்க் கண்காட்சி."

பேனை அந்தரத்தில் நின்றது. "ஐயா, ஆசுப்பத்திரி வருத்தம், செத்தவீடு, வெளிநாடு. இவ்வளவுதான் நாங்கள் எழுதுறது."

"வருத்தம் எண்டு எழுதுங்கோ" என்றார் யோகநாதன். "நாய் வருத்தம்." எழுதினார்கள். சூடைக்குப் பாஸ் தேவைப்படவில்லை.

கண்டியில் முதல் கண்காட்சி. சூடை நாலு காலும் ஊன்றி, தலை நிமிர்ந்து சிலை மாதிரி நிற்கவேண்டும். நடுவர் உதட்டை விரித்துப் பல்லை எண்ணினார். முதுகைத் தடவினார். தோளை அமுக்கினார். பிறகு வாலுக்குக் கீழே கையை விட்டு, ஆண் நாய்க்கு உரியது இரண்டும் இருக்கிறதா என்று பிடித்தே பார்த்தார். யாகப்பு யோகநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"டொக்டர், ஆமிச் சென்றியிலைகூட என்னை இவ்வளவுக்குப் பாக்கேல்லை!"

சான்றிதழ் ஒன்று. அடுத்த மாசி மாதம் கொழும்பில் இரண்டாவது. மூன்றாவதுக்காகத் தொண்ணூற்றொன்பது ஆனியில் மறுபடி கொழும்பு. பச்சைப் புல்வெளி, தொப்பி போட்ட சீமாட்டிகள், தலைமயிர் வாரி முடிந்த குட்டி நாய்கள். நடுவர் இங்கிலாந்திலிருந்து வந்த கிழவி. சூடையைச் சுற்றிவந்து தலையாட்டினார். சரி, வந்துவிட்டது என்று யோகநாதன் மூச்சு விட்டார்.

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒரு ஹெலி வந்தது.

சூடை விழுந்தது. யாகப்புவும் விழுந்தார், வெள்ளைச் சேட்டோடு.

கொழும்பில் அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பொது இடத்தில் திடீரென்று தரையில் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "குண்டு!" என்று யாரோ கத்தினார்கள். சீமாட்டிகள் விழுந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் விழுந்தார்கள். பிஸ்கற் விற்றவர் பிஸ்கற் பெட்டியோடு விழுந்தார். நூற்றுச் சொச்சம் சாதி நாய்கள், தங்கள் எசமான்மாருக்கு என்ன வந்தது என்று விளங்காமல் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தன. மனிதரில் நின்றது அந்தக் கிழவி மட்டும்.

பொலிஸ் விசாரித்து விட அரை மணித்தியாலம் ஆனது. நடுவர் முடிவைச் சொல்லிவிட்டார். பயந்த நாய்க்குச் சான்றிதழ் இல்லை.

"பயமில்லையம்மா, பழக்கம்" என்றார் யாகப்பு. யோகநாதன் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"அப்படியென்றால் பழக்கத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார் கிழவி. கோபமே இல்லாமல், மருந்து எழுதித் தருகிற மாதிரி.

யாகப்பு மாற்றினார். ஒவ்வொரு நாளும் ஹெலிச் சத்தம் கேட்டவுடன் முற்றத்துக்கு ஓடி, சூடையை நாலு காலில் ஊன்றி, மூக்குக்கு முன்னால் ஒரு துண்டுக் கருவாட்டைப் பிடித்தார். "நில்லடா. அசையாதை." பிறகு வாயைத் திறந்து பல்லை எண்ணிவிட்டுத்தான் கருவாடு. எந்தப் பெரிய சத்தத்துக்கும் அப்படி நிற்கச் சூடை ஒரு கிழமையில் பழகிவிட்டது. யாகப்புதான் ஒவ்வொரு தடவையும் பாதி குனிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கும் ஒரு துண்டு தரட்டோ?" என்றாள் யூலிற்றா குசினி வாசலில் நின்று.

ஐப்பசியில் மூன்றாவது சான்றிதழ் கிடைத்தது. கைதட்டல், ஒலிபெருக்கி, புகைப்படக்காரரின் வெளிச்சம் எதற்கும் சூடை இமைக்கவில்லை. எந்த மனிதரும் விழவில்லை. சம்பியன் லோட் றெஜினோல்ட் ஒஃப் சில்வர்பறோ. யாகப்பு றெயினில் வவுனியா வரும்வரைக்கும் அந்தக் கடதாசியை மடிக்காமல் நெஞ்சில் பிடித்துக்கொண்டு வந்தார்.

கார்த்திகை மாதம், ஒரு காலமை, ஊரோரத்தில் ஷெல் விழுந்தது. முதலாவது தூரத்தில். இரண்டாவது அடுத்த ஒழுங்கையில். ஓடு சரிந்தது. யூலிற்றா குசினியில் படுத்தாள், யாகப்பு அறைக்குள் படுத்தார். அயலில் எல்லாரும் படுத்தார்கள்.

"சூடை எங்கையப்பா?"

யாகப்பு தலையைத் தூக்கி வாசலால் பார்த்தார். முற்றத்தின் நடுவில், புழுதிக்குள், சூடை நின்றது. நாலு காலும் ஊன்றி, முதுகு நேராக, தலை நிமிர்ந்து, புத்தகத்தில் எழுதியபடி. கருவாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"படடா! சூடை, படடா!"

சூடை அசையவில்லை. அசையக்கூடாது என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ மாதாவே, வெளியிலை போகாதையுங்கோ!" யூலிற்றா கத்துவதற்குள் யாகப்பு முற்றத்தில் நின்றார். பாய்ந்து நாயின் மேல் விழுந்து, அதை நிலத்தோடு அமத்திப் பிடித்தார். மூன்றாவது வேலிக்கு அப்பால் வெடித்தது. மண்ணும் ஓலையும் அவர் முதுகில் கொட்டின. கண்ணைத் திறந்து பார்த்தார். கழுத்தில் கைபட்ட சூடை, அவருக்குக் கீழே கிடந்தபடி, பல்லை எண்ணுவதற்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது.

பின்னேரம் யோகநாதன் பார்க்க வந்தார். யாகப்புவின் தோளில் சிராய்ப்பு. நாய்க்கு ஒன்றுமில்லை.

"டொக்டர், இவன்ரை பட்டத்தை ஆரும் திருப்பி எடுப்பினமோ?"

"இல்லையண்ணை. எடுத்தால் எடுத்ததுதான். சாகுமட்டும் சம்பியன்."

"புத்தகத்திலை என்ரை பேர்?"

"அதுவும் வரும்."

"அப்ப சரி" என்று யாகப்பு எழும்பி முற்றத்துக்குப் போனார். சூடை உடனே நாலு காலும் ஊன்றி நிமிர்ந்து நின்றது. அவர் கையில் கருவாடு இருந்தது.

"இஞ்சை பார்" என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் முதலில் தானே குப்புறப் படுத்துக் காட்டினார்.