பிறந்த அன்றே கப்பலில் வந்தவள்

செவ்வாய், காலை ஒன்பதேகால். கோலாலம்பூர் பேருந்து நிலையத்தில் தானா ராத்தா என்ற மலையூருக்குச் சீட்டு நாற்பது ரிங்கிட். எதை வாங்கினாலும் நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை இன்றோடு விடுவது என்று சபதம் செய்துகொண்டேன். தண்ணீர் பாட்டில் வாங்கும் வரைதான் அது தாங்கியது. இருநூறு கிலோமீட்டர், நாலரை மணி நேரம். தாப்பா வரை நெடுஞ்சாலை, எண்ணெய்ப்பனை, தூக்கம். தாப்பாவில் திரும்பியதும் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டருக்கு மலைப்பாதை. வளைவுக்கு வளைவு காடு சன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாத அந்த நிலை அடுத்த மூன்று நாளும் என்னை விடவில்லை.

பாதி மலையில் வண்டி நின்றது. இரண்டு அதிகாரிகள் ஏறி ஒவ்வொருவரிடமும் தாள் கேட்டார்கள். நான் கடவுச்சீட்டைக் காட்டினேன். பின் இருக்கையில் இருந்த இரண்டு வங்காளதேசத்து ஆட்களைக் கீழே இறக்கி, அவர்கள் கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கால் மணி நேரத்தில் மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். தாள் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் என் பக்கத்தில் இருந்த ஈப்போக்காரத் தமிழ் அம்மாள் ஒருவர், இவர்கள் ரொம்பத்தான் கூடிப்போனார்கள், ஊரே நம்முடையதாக இல்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். எங்கள் திருப்பூரில் இதே பேச்சை இதே தொனியில் தினமும் கேட்கிறவள்தானே.

பிற்பகல் இரண்டு. தானா ராத்தாவில் இறங்கியதும் குளிர் கழுத்தில் கை வைத்தது. சூசை வேனோடு காத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், தொப்பி, வாய் ஓயாத பேச்சு. அவருடைய அக்கா ஆரோக்கியமேரியின் வீட்டில்தான் எனக்கு அறை. காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு எண்பது ரிங்கிட். இருவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள். ஊர் சுற்றிக் காட்ட சூசையின் வேனையே பேசியிருந்தேன். வியாழக்கிழமை காலை மட்டும் வண்டி கிடைக்காது என்றார். அக்காவுக்கு அன்று பதிவு அலுவலகத்தில் விசாரணை இருக்கிறதாம்.

புதன், காலை ஏழு. பிரிஞ்சாங் தாண்டி ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதையில் தோட்டத்துக்குள் போனோம். இந்த இடத்தை எப்படிச் சொல்வது? மலை முழுக்கப் பச்சை, ஒழுங்காக வாரி விட்ட தலை மாதிரி நிரை நிரையாக. மூடுபனி வந்து ஒரு மலையை எடுத்துக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் வேறெங்கோ கொண்டுவந்து வைக்கும். எங்கிருந்தோ மோட்டார் சத்தம் கேட்டது. பனி விலகியபோது ஒரு நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவே கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தபடி நடந்தார்கள். பின்னால் நீளப் பை இலை நிரம்பி உப்பிக்கொண்டே வந்தது. இரண்டு பேருக்கும் நடை ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் முந்தினால் வெட்டு சாய்ந்துவிடும். ஒருவர் நேபாளம், ஒருவர் வங்காளதேசம் என்றார் சூசை. அவர்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாதாம். கையில் கூடை இல்லாமல் கொழுந்தெடுப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பனி மறுபடி மூடியது. கால்கள் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன.

நான் அதைப் பார்த்துச் சொக்கி நிற்க, சூசை தன் கட்சியை ஆரம்பித்தார். சட்டப்படி வந்தவன் இருக்கட்டும், அவனைப் பற்றிப் பேச்சில்லை. திருட்டுத்தனமாக வந்தவன், பெர்மிட் முடிந்தும் ஒளிந்து திரிகிறவன், ஒருத்தன் விடாமல் லோரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சட்டம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பத்தரை மணி, கியா பார்ம் சந்தை. ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி பத்து ரிங்கிட். புளிப்பு, சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். அவர் ஒரு தமிழர், காய்கறித் தோட்டமும் வைத்திருக்கிறார். அவரிடமும் வாயைக் கிளறினேன். அனுப்பத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை என்றார். என் தோட்டத்தில் இருக்கிற நாலு பேரைத் தவிர, அவன்கள் நல்லவன்கள், அவன்கள் போனால் கோஸ் மண்ணிலேயே அழுகிவிடும் என்று சேர்த்துக்கொண்டார். சூசை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிற்பகல் இரண்டு. ரிங்லெட் வழியாக லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கினோம். அணைக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். மழை அதன்மேல் பெய்யும் சத்தத்தில் எனக்கு மறுபடி கண் சொருகியது. அங்கே உங்கள் ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார், பார்க்கிறீர்களா என்றார் சூசை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பெயரை மாற்றி முருகேசன் என்று வைத்துக்கொள்கிறேன். கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர், என் பேச்சைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். எந்த ஊருங்கக்கா, மழை பெய்ததா என்பதுதான் முதல் கேள்வி. சாப்பாட்டுக்கடை வேலைக்கு முறையான பெர்மிட்டில் வந்தவர். கடை மூடிவிட்டது, புதுப்பித்துத் தருகிறேன் என்ற ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. பெர்மிட் முடிந்து இரண்டு வருடம்.

வழி என்ன இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு வழி சொன்னார். அரசாங்கம் திட்டம் அறிவிக்கும்போது அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் முதலாளியே முன்வந்து, இவன் என் ஆள் என்று பதிவு செய்தால் மறுபடி பெர்மிட் கிடைக்கும். முதலாளி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறாராம். வேன் சத்தம் கேட்டாலே தக்காளிக் கொடிக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நான் திருடன் இல்லக்கா. தேதிதான் தப்பாப் போச்சு."

பிளாஸ்கில் இருந்த தேநீரை சூசை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். திரும்பும் வழியில் நாலைந்து வளைவு கடந்தோம். பிறகு சூசையாகவே சொன்னார்: "இவன வுட்றலாம் மேடம். மத்தவங்கள அனுப்பலாம் லா." அப்படி ஆளுக்கு ஒருவரை விட்டுவிட்டால் அனுப்புவதற்கு ஆள் மிஞ்சாதே என்றேன். ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மாலை ஆறரை. ஆரோக்கியமேரியக்காள் ரசம் வைத்திருந்தார். வயது ஐம்பத்தேழு. இருபது வருடம் கொழுந்தெடுத்த விரல்கள், நுனியெல்லாம் கறுத்துக் காப்புக் காய்ச்சியிருந்தன. நாளை என்ன விசாரணை என்று கேட்டேன். அவர் எழுந்து போய் இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தம்பியினுடையது நீலம், அதாவது குடிமகன். அவருடையது சிவப்பு. இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே லயம்.

"இவன் ஆஸ்பத்திரில பொறந்தான், கையோட சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க. நான் லயத்துல பொறந்தேன். அப்பா நேரா போய் கிராணிகிட்ட சொன்னாரு, பொண்ணு பொறந்திருக்குன்னு. கிராணி பெரிய புக்குல எழுதிக்கிட்டாரு. அப்பாவுக்கு கிராணிதான் கவர்மெண்டு. அதுக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். அக்காளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அடையாள அட்டைப் படிவத்தையும் அவர்தான் நிரப்பினார். நல்ல மனிதர், முத்து முத்தான கையெழுத்து, காசு வாங்க மாட்டார். அந்தப் படிவத்தில், நாட்டுக்குள் வந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். வேறு தேதி தெரியாததால் பிறந்த தேதியையே போட்டார். எந்தத் துறைமுகம் என்று அடுத்த கட்டம் கேட்டது. பினாங்கு என்று போட்டார். அப்பா பெருவிரலை வைத்தார்.

"அதனால நான் பொறந்த அன்னைக்கே கப்பல்ல வந்து எறங்கிட்டேன்," என்றார் அக்காள். "கடலக் கண்ணால பாத்தது முப்பது வயசுல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சூசை சிரிக்கவில்லை. குடியுரிமைக்கு மூன்று தடவை மனுப் போட்டு மூன்று தடவையும் இல்லை என்று கடிதம் வந்ததாம். இந்த வீடு சூசையின் பெயரில் இருக்கிறது. அரசாங்கத்தின் மலிவு வீட்டுக்குச் சிவப்பு அட்டைக்காரர் மனுப் போட முடியாது. "எம்பேர்ல ஒரு செவுரு வேணும் தங்கச்சி," என்றார் அக்காள். "சாவுறதுக்குள்ள."

இந்தத் தடவை கையில் ஒன்று இருந்தது. பிறந்த எட்டாம் நாள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கொடுத்த ஞானஸ்நானப் பதிவு. அந்தப் பழைய ஏடு ஈப்போவில் ஒரு பங்குக் கோயிலில் இருப்பதைப் போன வருடம்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஏன் தேடவில்லை என்றேன். ஒரு புத்தகத்தை நம்பி ஏமாந்தோம், இன்னொரு புத்தகத்தையா என்று அப்பா வேண்டாம் என்றுவிட்டாராம். கிராணி எழுதியதை அரசாங்கம் என்று நம்பியவர், கோயில் எழுதியது அரசாங்கத்திடம் செல்லுபடியாகும் என்று கடைசிவரை நம்பவில்லை.

சூசை தன் அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். லோரியில் ஏற்றி அனுப்பும் பேச்சை எடுத்தால் என்னைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று எப்போதும் இவனைக் கேலி செய்வேன் என்றார் அக்காள்.

வியாழன், காலை பத்து. நானும் கூடப் போனேன். எனக்கு எந்த வேலையும் இல்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. அலுவலகம் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி வந்து நின்றது. அக்காள் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தார். பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே இருந்தோம். உட்கார்ந்திருந்த வரிசையில் சீனத்து மூதாட்டி ஒருவர், கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி, எல்லார் மடியிலும் ஒரு உறை. சூசை எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். தூரத்தில் மலை ஒன்று தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அங்கே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று கேட்டால் ஒரு மழைக்காலம் முழுவதும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கடிகாரத்தில் ஐம்பது நிமிடம்.

அக்காள் வெளியே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும் என்றார். கோப்பைப் புரட்டிவிட்டு முதல் கேள்வியே, இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்பதுதானாம்.

"நான் வரலன்னு சொன்னேன். எங்கேருந்தும் வரல, இங்கதான் இருந்தேன்னு மலாய்ல, மரியாதையா புவான்னு கூப்ட்டு சொன்னேன். தாள நீட்டுனேன். படிச்சா. திரும்பப் படிச்சா. எட்டு நாள் கொழந்த பினாங்குல எறங்கி எப்படிம்மா மல ஏறுச்சுன்னு கேட்டா." அக்காள் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "கோடு போட்டு வெட்டிட்டா. அந்தத் தேதிய வெட்டி, பக்கத்துல கையெழுத்துப் போட்டா."

தலைமையகத்திலிருந்து பதில் வர ஒரு வருடம் ஆகலாமாம், அதற்கு மேலும் ஆகலாமாம். நீல அட்டை நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அக்காள் அழுதார், நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். சூசை தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தட்டி அக்காள் சொன்னார்:

"கப்பல் முழுகிடுச்சுடா சூசை."

வெள்ளி, காலை எட்டு. திரும்பும் பேருந்து. கடைசி இருக்கை வரை சுற்றுலாக்காரர்கள், கையில் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள். தேயிலை மலைகள் பனிக்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தூக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஒன்றை இதுவரை சொல்லாமல் வந்துவிட்டேன். நான் திருப்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். இருபத்தாறு வருடமாகச் சேர்க்கைப் படிவங்களை நிரப்புகிறவள் நான்தான். என் கையெழுத்தையும் எல்லோரும் மெச்சுவார்கள். நானும் காசு வாங்கியதில்லை. போன ஜூன் மாதம் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் ஒடிசாக்காரர், ஆறு வயது மகளோடு வந்து நின்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வெளியே நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஒடிசா என்று எழுதினேன். அவர் ஏதோ ஒரு தாளை நீட்டிக்கொண்டே இருந்தார். கோப்பில் வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துக் கோப்பை அடுக்கும்போது அந்தத் தாளைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ். திருத்த வேண்டும் என்று நினைத்தேன்; வேலை இருந்தது, விட்டுவிட்டேன். அந்தப் பெண் பிறந்தது எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில். என் மகன் பிறந்ததும் அங்கேதான். அவன் படிவத்தில் நான் திருப்பூர் என்று சரியாகவே எழுதியிருக்கிறேன்.