முப்பத்தோரு இடங்களில் ஒரு திருத்தம்

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "கர்னல்ல உங்க பேர்ல ஏதாவது போயிருக்கா சார்?" கர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளம். யாரும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் சில பெரிய தலைகளின் கையில். இருபது வருடம் கம்பெனிக்குள்ளேயே எழுதிய எனக்கு வெளியே ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காக முடிச்சூர் வீட்டில் உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டது சின்ன வேலைதான். ஒரு முகவரி கணினி நினைவகத்தின் எந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று தேடித் தரும் பழைய ஃபங்ஷன், அதாவது குட்டி நிரல்துண்டு, ஒன்று உண்டு. அது லேசில் 'இல்லை' என்று சொல்லாது. பன்னிரண்டாம் மனை காலி என்றால் எங்கள் நகர் கூரியர்காரர் பதிமூன்றில் கொடுத்துவிட்டுப் போவதுபோல, அடுத்த பகுதியை நீட்டிவிடும். அது சரியான பகுதிதானா என்று கேட்டவரே மறுபடி பார்க்க வேண்டும். முப்பத்தோரு இடங்களில் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லையென்று சொல் என எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றி அனுப்பினேன். திமிர்தான், வேறென்ன.

முப்பது இடங்களில் சரி. மிச்சம் ஒன்று ஸ்டாக்குக்கானது. ஸ்டாக் என்பது புரோகிராம் ஓட ஓடக் கீழ்நோக்கி வளரும் நினைவகப் பகுதி; கேட்கும் முகவரி இன்னும் அதற்குள் வந்திருக்காது. அங்கே மட்டும் அடுத்த பகுதியைத்தான் கொடுக்க வேண்டும். என் குட்டிப் புரோகிராம்கள் பிழைத்துக்கொண்டன. மற்றவர்களிடம் பெரியவை செத்து விழுந்தன. ஊரே படிக்கும் மின்னஞ்சல் பட்டியலில் ஒரே வரிதான் பதில்: இதை ஓட்டிப் பார்த்தீர்களா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அந்த ஒன்றைப் பழையபடி விட்டுத் திரும்ப அனுப்பினேன். ஐந்து முறை. ஒருமுறை சொதப்பியவன் கடிதத்தை யார் திறப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் மனைவி செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது வந்துதா?" என்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே முப்பது இடங்களை மாற்றி அனுப்பினார். ஸ்டாக்கைத் தொடவில்லை. 'நீங்கள் இதில் வேலை செய்தவர், சரிபார்த்துச் சொல்ல முடியுமா?' என்று பணிவாக எனக்கே எழுதியிருந்தார். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று வரிவரியாகத் தேடினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தேடினேன். கிடைக்கவில்லை. சரி என்று எழுதினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.

பொத்தேரி பக்கம் அடுத்த நேர்காணல். அந்தத் திருத்தத்தைத் திரையில் திறந்து, அடியில் 'சரிபார்த்தவர்' என்று இருந்த என் பெயரைக் காட்டினேன். கேள்வி கேட்ட பெண் திரையில் மேலே போய் வேறொரு பெயரில் நின்றாள்.

"சூப்பர் சார். இத எழுதினவரு உங்களுக்குப் பழக்கமா? நம்ம கம்பெனிக்கு வருவாரா?"