பூனை கீறாத மேசை

கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். லென்ஸில் கீறல் விழுந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால் அவரிடம் ஒரே பதில்தான்.

"கீறல்னா கீறல்தாங்க. யாராலயும் அழிக்க முடியாது. மாத்திடுங்க."

அப்படிப்பட்டவர் வீட்டில், வாங்கி இருபது நாள்கூட ஆகாத சாப்பாட்டு மேசையில் கீறல் விழுந்தது. கீறியவரும் அவரேதான். கடையில் லென்ஸின் ஓரம் தேய்க்கும் சிறு இயந்திரம் மக்கர் செய்ய, விடுமுறை நாளில் வீட்டுக்குத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். மேசை உயரம் வசதியாக இருந்தது. கழற்றிய திருகாணி ஒன்று உருண்டு தூரப் போக, எட்டி எடுப்பதற்காக இயந்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். அதன் இரும்புக் காலில் ரப்பர் இல்லை. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

அவர் மனைவி கடை கடையாக ஏறி இறங்கி, பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய மேசை அது. "உங்களை மாப்பிள்ளை பார்க்க வந்தப்போகூட எங்க வீட்ல இவ்வளவு விசாரிக்கல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோட்டின்மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தண்ணீர்க் கூஜாவை வைத்தார். மனைவி வந்தாள். கூஜாவைத் தூக்கினாள். தாளையும் தூக்கினாள்.

"இது என்ன?"

"பூனை" என்றார். மூளைக்கு முந்திக்கொண்டு வாய் சொல்லிவிட்டது.

அந்த வீட்டில் பூனை கிடையாது. பக்கத்து வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா வளர்த்த பூனை. மனைவி போய் நியாயம் கேட்க, ஐந்து நிமிடத்தில் பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நர்ஸம்மாவே வந்துவிட்டார். அதன் பாதத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இது கீறினா நாலு கோடு விழணும். ஒரே கோடு, அதுவும் இவ்வளவு நேரா. ஸ்கேல் வெச்சா கீறுச்சு?"

பூனை கண்ணாடிக்காரரைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

"சரி, மேசையை மாத்திடலாமா?" என்றாள் மனைவி நிதானமாக. "கீறல்னா கீறல்தானே? கடையில தினமும் நீங்க சொல்றதுதான்."

"மரம் வேற, கண்ணாடி வேற. நானே சரி பண்ணிக் காட்றேன்" என்று ரோஷத்தில் வாயை விட்டார்.

முதலில் ஷூ பாலிஷ். டப்பாவில் பழுப்பாகத் தெரிந்தது மேசையில் கருப்பாக இறங்கியது. கீறல் போய், அந்த இடத்தில் ஒரு அட்டைப்பூச்சி நீட்டிப் படுத்திருப்பது போலாயிற்று. துடைத்து எடுக்க அரை நாள். பிறகு யாரோ, அக்ரூட் பருப்பைத் தேய்த்தால் போகும் என்றார்கள். ஒரு பொட்டலம் வாங்கினார். தேய்த்தது மூன்று, தின்றது மிச்சம். மேலோட்டமான கீறலாக இருந்தால் அதுவே போதுமாம்; இது ஆழம். கடைசியில் உப்புத்தாளை எடுத்துக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார். மனைவி போட்ட கூச்சலில் நர்ஸம்மா மறுபடி ஓடி வந்தார்.

"தம்பி, மரத்தோட வரி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமா கை ஓடணும். காயத்தைத் துடைக்கறப்போ குறுக்கால இழுப்பாங்களா? மெதுவா!"

மெதுவாக என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. லென்ஸின் ஓரத்தை முடியளவு தேய்த்துத் தேய்த்து சட்டத்தில் உட்கார வைக்கிற கை அவருடையது. அந்தக் கை இத்தனை நாளும் வீட்டில் எங்கே போயிருந்தது? மிக நைசான தாளாக வாங்கி வந்து, வரியோடு வரியாகத் தடவினார். ஹார்டுவேர் கடையில் கீறலை நிரப்ப, மரத்தின் நிறத்தில் சற்றுச் சற்று வேறுபட்ட மூன்று மெழுகுக் குச்சிகள் கிடைத்தன. எது பொருந்தும் என்று பார்க்க, கண்ணில் படாத இடம் வேண்டும். டார்ச்சோடு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"நிறம் பார்க்கறேன்" என்று எழ முயன்று, நெற்றியில் வாங்கிக்கொண்டார்.

நடுக் குச்சி பொருந்தியது. கீறலில் அழுத்தி நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் மட்டமாக வழித்து, மெல்லிய துணியால் பளபளக்கத் தேய்த்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அன்று மதியம் விரிப்புப் போடாமல் வெறும் மேசையில் தட்டு வைத்தாள். அவள் அகராதியில் அதற்குப் பெயர் பாராட்டு. அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள்.

"மச்சான், மேசையில ஏதாவது தெரியுதா?"

"மேசை தெரியுது, மாப்பிள்ளை."

"நல்லா பாருங்க."

"புதுசு மாதிரி இருக்குண்ணா" என்றாள் மச்சானின் மனைவி.

"புதுசேதான்!" என்று பல்லைக் கடித்தாள் இவர் மனைவி.

அவரால் தாங்க முடியவில்லை. கண்டுபிடிக்கவே முடியாத வேலையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதைச் செய்து என்ன பயன்? விரலை வைத்தார். "இதோ, இங்கேருந்து இது வரைக்கும்!"

நான்கு தலைகள் குனிந்தன.

"அட, ஆமா! லேசா தெரியுதே" என்றார் மச்சான்.

அப்புறம் சாப்பாடு முடியும்வரை யாருடைய கண்ணும் அந்த ஒரு சாணை விட்டு அகலவில்லை. விருந்தாளிகள் போனபின் தனக்கு நடக்கப்போவதை நினைத்துக் கண்ணாடிக்காரர் சோற்றை மென்றார். ஆனால் கை கழுவும்போது மச்சானின் மனைவி குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எங்க அலமாரிக் கதவு முழுக்க இப்படித்தான் இருக்கு. ஒருநாள் வந்து பார்க்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் முகம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

விடுமுறையன்று மெழுகுக் குச்சி, உப்புத்தாள், துணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு?"

"நீங்க அங்க போய் எதையும் நகர்த்தாம பார்த்துக்கத்தான்" என்று சொல்லி, பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.