மூன்று கண் பாலமும் சரீபின் பட்டியும்

மூதூரிலிருந்து தோப்பூர்ப் பக்கமாக உள்ளே இறங்கும் கிறவல் மண் வீதியில், ஆற்றுக்கு மேலே மூன்று கண் பாலம் இருந்தது. மூன்று வளைவும் கொங்கிறீட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அது எழும்பியபோது கல் சுமந்தவர்களில் அபூதாஹிரும் ஒருவர். அதற்கு முந்தி அவருடைய மாடுகள் ஆற்றை நீந்தித்தான் கடந்தன. பாலம் வந்த பிறகு அவர் மாட்டுப்பட்டியும், அவர் மகன் ஹஸனின் பட்டியும், ஹஸனின் மூத்தவன் சரீபின் பட்டியும் கால் நனையாமல் தென்கரை மேய்ச்சலுக்குப் போய் வந்தன. பட்டி என்று பிரித்துச் சொன்னாலும் எல்லாம் ஒரே தாய்வழி மாடுகள்தான்.

ஹஸன் காலத்துப் பெருவெள்ளத்தில் மரம் மரமாக வந்து மோதியும் பாலம் அசையவில்லை. சண்டைக் காலத்தில் நடுக்கண்ணில் ஷெல் விழுந்து ஓட்டை போட்டது. பிறகு யாரோ அவசரத்தில் பூசி அடைத்தார்கள். அந்த ஒட்டு கடைசிவரை மற்றக் கொங்கிறீட்டோடு நிறம் சேரவில்லை. இந்த மாரியில் அந்த ஒட்டில்தான் வெடித்தது.

மேலே மலையில் விடாத மழை. தென்கரை மேய்ச்சல் தரை முழுக்கத் தண்ணீர். சரீபின் மாடுகள் அந்தக் கரையில் பாலத்தடியில் இருந்த ஒரு மேட்டுத் திட்டியில் நெருங்கி நின்றன. ஆற்றின் இழுவையில் எந்த மாடும் நீந்தாது. சரீப் விடியவே கன்றுகளை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, வடகரையில் பாலத்து முனையில் கட்டிவிட்டு, மனைவி றம்லாவைக் காவலுக்கு வைத்தான். கன்று அக்கரைக்குப் போனால் தாய் தானாகப் பின்னால் வரும். பட்டிக்காரன் எவனும் இதைத்தான் செய்வான்.

மாடுகளைக் கொண்டுவர அவன் நடந்து திரும்பியபோது தென்முனையில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வீதி வேலைகளை மேற்பார்க்கும் கந்தோர் ஓவசியர் குணரத்தினம் குடையோடு நின்றான்.

"நானா, இனி மாடு போக ஏலாது. குனிஞ்சு பாருங்க. நடுக்கண்ணுல கை போற அளவு வெடிச்சிருக்கு."

"இப்பதானே தம்பி லேண்ட்மாஸ்டர்ல போய் வந்தனான்."

"அப்ப நான் வரல்ல. வந்திருந்தா உங்களையும் விட்டிருக்க மாட்டன்."

"அப்ப என்ட பட்டியை ஆத்துக்குக் குடுத்திட்டு நான் உங்கட பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதா?"

குணரத்தினம் திட்டியைப் பார்த்தான். அவன் வீட்டுப் பாலும் தயிரும் அந்த மாடுகளினுடையதுதான். "ஒவ்வொண்டா விடுங்க. ஒண்டு கரையேறின பிறகு மற்றது. கூட்டமா ஓடிச்செண்டா பாலம் தாங்காது."

"ஒவ்வொண்டா வாறதுக்கு இதுகள் என்ன கந்தோருல நம்பர் எடுத்து நிக்கிற ஆக்களா?"

அப்போது அக்கரையில் கன்றுகள் கத்தத் தொடங்கின. திட்டியில் நின்ற தாய்கள் எல்லாம் ஒருசேரக் காதை நிமிர்த்தின. கயிற்றை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தன. காலையில் தான் செய்த வேலை என்னவென்று சரீபுக்கு அப்போதுதான் உறைத்தது. கயிறு அறுந்தால் பட்டி முழுக்க ஒரே ஓட்டமாகப் பாலத்தில் ஏறும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்று கூப்பிட்டான்.

"றம்லா, கண்டுகளைத் தூரக் கொண்டு போ புள்ள. சத்தம் கேக்காத தூரத்துக்கு. சுட்டியை மட்டும் வை."

றம்லாவும் அயல் பெண்களும் கன்றுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நெற்றிச்சுட்டிக் கன்று தனியே நின்று கத்தியது. அதன் தாய் மட்டும் முண்டிக்கொண்டு வந்தது. சரீப் கயிற்றைத் தூக்கி அதை விட்டு, உடனே தாழ்த்தினான். அது அக்கரை சேரும்வரை குணரத்தினம் குடையை மடக்கிப் பிடித்தபடி வெடிப்பையே பார்த்தான்.

இப்படித்தான் அக்கரை முனைக்குக் கன்று கன்றாக வந்தது, தாய் தாயாகப் போனது. தாய்ப்பால் மறந்து வளர்ந்த மாடுகளும் பழகிய தாயின் குரலுக்குப் போயின. தண்ணீர் சரீபின் முழங்காலுக்கு ஏறியது. குணரத்தினமும் அக்கரைக்கு நடந்துவிட்டான்.

கடைசியில் சிவலை என்ற மூத்த பசு மட்டும் மிஞ்சினாள். போன மாதம் அவள் கன்று செத்துப்போனது. அவளைக் கூப்பிட அக்கரையில் குரல் இல்லை. பட்டியில் பாதி அவள் வயிற்றில் வந்தவை. எப்போதும் முன்னால் போகிறவள், யாருக்கும் பின்னால் போய்ப் பழக்கமில்லை. சரீப் கயிறு போட்டு இழுத்தான். அவள் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"விட்டிட்டு வாங்க நானா," என்று குணரத்தினம் கூப்பிட்டான். "ஒரு கிழட்டு மாட்டுக்காக நிக்காதீங்க."

"கிழடு எண்டு அவளுக்குக் கேக்கச் சொல்லாதீங்க, தம்பி."

"இஞ்சேருங்க," என்றாள் றம்லா. "மாட்டை வைச்சு நான் என்ன செய்ய? வாங்களன்."

சரீப் றம்லாவின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான். கயிற்றைக் கீழே போட்டான். இத்தனை வருசத்தில் ஒருநாளும் சிவலையை முன்னால் நின்று இழுத்ததில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. தண்ணீரில் இறங்கிச் சுற்றிப் போய் அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் நடந்தாள்.

நடுக்கண்ணில் நின்றாள். ஒட்டை முகர்ந்தாள். கீழே ஒரு துண்டு கொங்கிறீட்டு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு பேர் பாரமும் ஒன்றாகக் கூடாதென்று சரீப் மெல்லப் பின்வாங்கி, தென்முனையில் நின்றான். காலடிச் சத்தம் கேட்காததால் அவள் திரும்பிப் பார்த்தாள். அசையவில்லை. அவன் போனால்தான் அவள் போவாள். அவன் போனால் பாலம் போகலாம்.

சரீப் வாய்க்குள் பிஸ்மி சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். ஒட்டின் மேல் கால் வைத்தபோது அடியில் ஏதோ நெகிழ்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. சிவலையின் முதுகில் கை வைத்து, பின்னேரத்தில் பட்டி அடைக்கும்போது சொல்வதுபோல, "போவம் வா" என்றான். அவள் முன்னும் அவன் பின்னுமாக வடகரை ஏறினார்கள். றம்லா அவனுடைய ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பொழுதுபடமுன் நடுக்கண் ஆற்றில் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண் மட்டும் நின்றது.

வெள்ளம் வடிந்து ஆறு அடங்கியபோது வடகரையில் புல் இல்லை, தென்கரை பச்சையாகக் கிடந்தது. புதுப் பாலத்துக்கு ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். சரீப் கன்றுகளை ஹஸன் காலத்து உறவுக்காரர் ஒருவரின் தோணியில் ஏற்றினான். பட்டியை ஆற்றங்கரைக்கு இறக்கினான். சிவலை தண்ணீரை முகர்ந்துவிட்டு முதலில் இறங்கினாள். பின்னால் எல்லாம் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தின. சரீப் அவள் வாலைப் பிடித்தபடி போனான்.

பின்னேரம் அவன் திரும்பி வந்ததும் றம்லா கேட்டாள். "அவள் நீந்துவாள் எண்டு தெரிஞ்சா அண்டைக்கு ஏன் அந்தப் பாலத்துல ஏறினீங்க?"

"அண்டைக்கு இருந்த இழுவையில அவளாலயும் ஏலாது புள்ள," என்றான் சரீப். "நீந்துவாள் எண்டு எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."