பத்து காவானில் இல்லாத செடி

போன வாரம் ஜெலுத்தோங் பாசாரில் அந்துருண்டை வாங்கினேன். பழைய சேலைகளை யாருக்காகப் பாதுகாக்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது மூக்கில் ஏறிய வாசனை என்னை அப்படியே தண்ணீர்மலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே இருக்கிற கோயிலுக்கு அல்ல, நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த செடி ரூமுக்கு.

செடி ரூம் என்பது நாங்கள் வைத்த பெயர். அங்கே எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்வார். காட்டில் பறித்த செடிகளைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, பலகைகளுக்கு நடுவில் நசுக்கிக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்குவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத் தட்டுக்குத் தட்டு அந்துருண்டை. காம்பு தடித்த செடிகள் பசைக்கு அடங்காது, ஊசி நூலால் தைக்க வேண்டும். அந்தத் தையல்காரி நான்தான். கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள், கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துப் பேர் வாங்குவேன் என்று நினைத்திருந்தேன். செத்த செடிக்குத் தையல் போடத்தான் கொடுத்து வைத்திருந்தது.

அம்மா தவறிய வருஷம் அது. கோயில் தெருவில் ஒரு வாடகை அறை, அங்கிருந்து செடி ரூம், மறுபடி அறை. துரை காலையில் ஒரு குட்மார்னிங் சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடிக்குள் தலையை விட்டால் சாயங்காலம்தான் நிமிர்வார். சில நாள் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். செடி சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் யார் யாருடைய கல்யாணச் செய்தியையோ படித்துச் சந்தோஷப்படுவேன். அவ்வளவு தனிமை. இன்றைக்குச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

சனிக்கிழமை மட்டும் வேறு மாதிரி. அன்றுதான் காதர் அண்ணன் மூட்டையோடு வருவார். மலை மலையாக ஏறி செடி பறித்து வருவது அவர் வேலை. ஒவ்வொரு செடியிலும் நூலில் கட்டிய ஒரு நம்பர் சீட்டு இருக்கும். அந்த நம்பருக்கு நேரே எந்த ஊர், எந்த இடம் என்று நோட்டில் தமிழில் எழுதியிருப்பார். நான் அதைப் பார்த்து இங்கிலீஷில் லேபிள் எழுதி ஒட்டுவேன். வேலையைவிட அவர் பேச்சுக்குத்தான் நான் காத்திருப்பேன்.

"இத பாரு தங்கச்சி, பாறைக்கு அடியில தனியா நின்னுச்சு. உன்ன மாதிரி," என்பார்.

"கேலி பண்ணாதீங்கண்ணே," என்பேன். அந்தக் கேலி அடுத்த சனிக்கிழமை வரை தாங்கும்.

சீட்டை லேபிள் ஒட்டும்வரை வெட்டக் கூடாது என்பது செடி ரூமின் முதல் சட்டம். எனக்கோ தையல் திமிர். அழகாகப் போட்ட தையலுக்குப் பக்கத்தில் அழுக்கு நூல் தொங்கினால் பொறுக்காது. ஒருநாள் ஒரே மாதிரி இருந்த இரண்டு செடிகளின் சீட்டையும் முன்கூட்டியே கத்தரித்துவிட்டேன். ஒன்று மலை உச்சியில் எடுத்தது, மற்றது கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்கிற ஊரில் எடுத்தது. காற்றடித்து இரண்டு சீட்டும் மேசையிலிருந்து தரையில் விழுந்தன. எது எதனுடையது? காதர் அண்ணனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சட்டத்தை மீறியது தெரியும். குத்துமதிப்பாக ஒட்டினேன்.

மாசக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, துரை ஒரு கிளையை மாதிரிக்கு அனுப்பியிருந்த சீமையிலிருந்து கடிதம் வந்தது. பத்து காவான் செடி இதுவரை யாரும் பார்க்காத வகையாம், காயோடு அனுப்ப வேண்டுமாம். துரை காதர் அண்ணனைப் பத்து காவானுக்கு அனுப்பினார். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தார்.

"இது அங்க எடுத்தது இல்லீங்க துரை. மலையில எடுத்தது," என்றார்.

துரை நோட்டை என்னிடம் நீட்டி, அந்த நம்பருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பத்து காவான் என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். அதில் பொய் இல்லை. அந்த நம்பர் அந்தச் செடியுடையதுதானா என்பது எனக்கே தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

காதர் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார், "சீட்டு செடியிலதானே கட்டியிருந்துச்சு, தங்கச்சி?"

"ஆமாண்ணே."

வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்த ஊரை எழுதுகிறான் என்று துரை அவரை அன்றே நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, காதர் அண்ணன் பின்வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கொத்து, அதே செடி, காயோடு. சட்டையெல்லாம் மலைச் சேறு.

"மேலதான் இருக்கு, பாரு. நான் சொன்னா துரை நம்ப மாட்டாரு. நீ சொல்லு தங்கச்சி."

"சொல்றேண்ணே," என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். கொத்தைப் பலகைக்குள் வைத்துவிட்டுத் துரை மேசை முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்தார். இந்த வேலையும் போனால் நான் யாரிடம் போவேன் என்று தோன்றியது.

"வெள்ளைத் தாள் தீர்ந்துபோச்சு சார்," என்றேன்.

அடுத்த வாரம் பலகையைப் பிரித்த துரை, நம்பர் இல்லாத செடி குப்பை என்று அதைத் தூக்கிப் போட்டார். நான்தான் கூட்டி அள்ளினேன்.

மாதா கோயில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று செபமாலை சொல்லச் சொன்னார், கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். சரிதான், ஆனால் வேலை போனது கடவுளுக்கு இல்லையே.

காதர் அண்ணன் தன் சொந்தக்காரர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் துணிந்து உள்ளே போனேன். அவரே ஒரு கோப்பையில் சூடாகத் தே கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா இருக்கியா தங்கச்சி? இப்ப மலைக்கு யாரு போறா?"

"யாரும் போறதில்லண்ணே."

அவ்வளவுதான் பேசினோம். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. தேயைக் குடித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச காலத்தில் அலமாரிகளைக் காலி பண்ணி, செடிகளையெல்லாம் பெட்டி கட்டி சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். என் வேலை அப்படியும் போய்விட்டது. பிறகு உலகச் சண்டை வந்தது; அது முடிந்ததும் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போனேன், சொல்லிவிடுவது என்று. குண்டு விழுந்து, கடை இருந்த வரிசையே இல்லை. காதர் அண்ணன் எங்கே என்று கேட்க, அவரைத் தெரிந்த ஒரு ஆளும் அந்தத் தெருவில் இல்லை.